அடை, அட்டை, நிரல்: காஞ்சித் தறியருகே நுண்செயலி வரலாறு

ஜக்கார்டு தறிதான் கணினியின் மூதாதை என்று பாடநூல் முதல் மேடைப்பேச்சு வரை சொல்லப்படுகிறது. துளையிட்ட அட்டை இரண்டிலும் உண்டு என்பதே அதற்குக் காட்டப்படும் சான்று. பட்டுத்தறி இன்றும் ஓடும் காஞ்சிபுரத்தில் வைத்துச் சோதித்தால் இக்கூற்று பாதிதான் தேறும். தறி எதற்கு முன்னோடி, எதற்கு இல்லை என்று பிரித்துப் பார்த்தால், நுண்செயலிகளின் வரலாற்றையும் இயங்குதளங்களின் வரலாற்றையும் வேறு கோணத்தில் எழுத முடியும் என்பதே என் வாதம்.

ஜக்கார்டுப் பெட்டி வருமுன் காஞ்சியில் வேலைப்பாடுகள் அடை முறையில் நெய்யப்பட்டன. வடிவம் நூல்கட்டுகளாகத் தறியிலேயே கட்டப்பட்டிருந்தது. உதவியாள் அவற்றை வரிசை தவறாமல் தூக்க, நெசவாளர் நாடா வீசினார். வடிவம் மாறவேண்டுமானால் அடையையே மாற்றிக் கட்டவேண்டும். 1804இல் லியோன் நகரின் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய கருவி வடிவத்தைத் தறியிலிருந்து பிரித்துவிட்டது. கட்டத்தாளின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. துளை உள்ள இடத்தில் கொக்கி உயர்ந்து பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் இழை கிடந்தபடி கிடக்கும். அட்டைச் சரத்தைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் அதே தறியில் யாளி போய் மாங்காய் வரும்.

ஆனால் பாவில் ஓர் இழை அறுந்தால் அட்டைக்குத் தெரியாது. நெசவாளர்தான் மிதியை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடியெடுத்து, துண்டு நூல் சேர்த்து முடிச்சிட்டு, விழுதிலும் அச்சிலும் கோக்கிறார். அட்டை எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்து, வேண்டுமானால் பின்னுக்குத் தள்ளிய பிறகே அடுத்த ஊடையைப் போடுகிறார். உடலும் கரையும் தனித்தனி ஊடையால் நெய்து கோக்கப்படும் கோர்வைச் சேலையில் இது இன்னும் தெளிவாகும். மூன்று நாடாக்கள் ஓடும். ஒரு கரையின் நாடாவை வாங்கிப் போட உதவியாள் ஒருவர் வேண்டும். உடல் ஊடையும் கரை ஊடையும் வரிக்கு வரி பின்னிக்கொள்ள வேண்டும். அந்தப் பின்னலை எந்த அட்டையும் செய்து தருவதில்லை. நிலைமையைப் பார்த்து அடுத்த செயலைத் தெரிந்தெடுப்பதே கணினியின் உயிர். தறியில் அந்த வேலை நெசவாளருடையது. எனவே ஜக்கார்டு ஒரு நினைவகமே தவிர, கணினி அன்று. சார்லஸ் பாபேஜ் இதை நன்றாக அறிந்திருந்தார். தாம் வடிவமைத்த கணக்கிடும் இயந்திரமான பகுப்புப் பொறிக்கு அட்டையைக் கடன் வாங்கிய அவர், இடையில் கிடைக்கும் விடையைப் பொறுத்து அட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தும் ஏற்பாட்டையும் சேர்த்தே திட்டமிட்டார்.

வடிவத்தைப் பொறியிலிருந்து பிரிக்கும் அதே கேள்வி நுண்செயலியிலும் எழுந்தது. 1969இல் ஜப்பானின் பிசிகாம் நிறுவனம் கணிப்பான்களுக்கான தனிச் சில்லுகள் கேட்டு இன்டெலிடம் வந்தது. வேலைக்கொரு சில்லு செய்வதை விட, பொதுவான செயலி ஒன்றைச் செய்து கணிப்பானின் குணத்தை நினைவகத்தில் எழுதிவிடலாம் என்றார் இன்டெல் பொறியாளர் டெட் ஹாஃப். ஸ்டான் மேசர், மசடோஷி ஷிமா ஆகியோரின் பங்களிப்போடு ஃபெடரிகோ ஃபாஜின் அதைச் சிலிக்கானில் வடித்தார். 2,300 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 4004 சில்லு 1971இல் வெளிவந்தது. அதன் நிரலைத் தாங்கிய 4001 சில்லில் நிரல் தொழிற்சாலையிலேயே பதிந்துவிடும். பிறகு மாற்ற வழியில்லை. என் கணக்கில் அது அடைதான். அதே ஆண்டில் இன்டெலின் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய 1702 நினைவகச் சில்லைப் புற ஊதா ஒளியில் அழித்து மறுபடி எழுதலாம். அட்டையின் இடத்தைப் பிடித்தது இதுவே. 4004க்குக் கிடைத்த புகழில் ஒரு பங்குகூட 1702க்குக் கிடைக்காதது வருத்தத்துக்குரியது. உரிமை விஷயமும் இங்கே முக்கியம். 60,000 டாலரைத் திருப்பித் தந்து, கணிப்பான் அல்லாத பயன்களுக்கு விற்கும் உரிமையை இன்டெல் பெற்றுக்கொண்டது. ஜப்பானிய நிறுவனத்தின் பணத்தில் பிறந்த வடிவம் இவ்வாறு கைமாறியது.

அடுத்த பிரிவினையை, இயங்குதளத்தில், செய்தவர் அமெரிக்க நிரலாளர் கேரி கில்டால். 1974இல் அவர் எழுதிய சிபி/எம் இயங்குதளம் தொடக்கத்தில் ஒரு குறிப்பிட்ட வன்பொருளோடு ஒட்டியே இருந்தது. வட்டு இயக்கிகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டதால், பொறியைச் சார்ந்த பகுதியை மட்டும் பயாஸ் என்று தனியே வெட்டி வைத்தார். அதன்பின் புதிய பொறிக்கு அந்தச் சிறு பகுதியைத் திருத்தினால் போதும். தறிக்கு இப்படி ஒரு நடுவர் வாய்க்கவில்லை: 240 கொக்கிப் பெட்டிக்கு வெட்டிய அட்டை 120 கொக்கிப் பெட்டியில் ஏறாது.

காஞ்சியில் அட்டை வந்தபோது கட்டத்தாள் வரைதலும் அட்டை வெட்டுதலும் தனித் தொழில்களாயின. வடிவம் தறியை விட்டு வெளியேறியது. சில்லுத் துறையிலும் வடிவம் யார் கையில் என்பதே நான் கேட்கும் கேள்வி. மொகாலியில் 1984இல் உற்பத்தி தொடங்கிய நமது குறைக்கடத்தி ஆலை 1989 தீயில் அழிந்தது பெரும் பின்னடைவு. காஞ்சிக்கு அருகேயுள்ள சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி தலைமையிலான குழு, பெர்க்லியில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியைக் கொண்டு சக்தி செயலிகளை வடிவமைத்தது. 2018இல் ஒரு சில்லு இன்டெலின் ஓரிகன் ஆலையில் 22 நானோமீட்டரிலும், ரிமோ என்னும் இன்னொன்று மீண்டெழுந்த அதே மொகாலி ஆலையில் 180 நானோமீட்டரிலும் வார்க்கப்பட்டன; இரண்டிலும் லினக்ஸ் ஓடியது. 180 என்பது பழைய அளவு என்று ரிமோவை ஒதுக்குவோர் இழையின் நுண்மையை மட்டுமே அளக்கிறார்கள். அதன் கட்டளைத் தொகுதிக்கு உரிமக் கட்டணம் கிடையாது. வடிவமைப்பின் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தும்படி திறந்திருக்கிறது. பிசிகாமுக்குக் கிட்டாத நிலை இது.