கன்டெய்னர்: ராயபுரம் கரையும் கிளவுட் பாடமும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் ஒருமுறை போய் வந்தவர்களுக்குக் கன்டெய்னர் என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஸ்கூல் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் மாட்டிக்கொள்ளும் அந்த லாரி வரிசை வடசென்னைக்காரர்களின் அன்றாடம். அதே வடசென்னையில் கிளவுட் கம்ப்யூட்டிங், டெவ்ஆப்ஸ் சான்றிதழ்த் தேர்வுக்குத் தயாராகும் ஒரு மாணவர் பாடத்திட்டத்தைத் திறந்தால் கண்ணில் படுவதும் இதே சொல்தான்!

அது மட்டுமா? பாடத்தில் வரும் 'டாக்கர்' என்ற மென்பொருளின் பெயர், பிரிட்டனில் கப்பல் துறைத் தொழிலாளியைக் குறிக்கும் சொல். அதன் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கலம். 'குபர்நெட்டிஸ்' என்பது கிரேக்கச் சொல், பொருள் சுக்கான் பிடிப்பவர். பழைய தமிழில் சொன்னால் மீகாமன். 'ஹெல்ம்' என்றால் சுக்கான். கன்டெய்னர்களைச் சேமித்து வைக்கும் மென்பொருள் ஒன்றுக்கு 'ஹார்பர்' என்றே பெயர். ராயபுரத்தில் "ஹார்பர்ல வேலை" என்பார்களே, அதே ஹார்பர்.

இந்தப் பெயர்கள் தற்செயலாக வந்தவை அல்ல. துறைமுகத்தில் நடந்த ஒரு மாற்றத்தை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் அந்த மாற்றம் துறைமுகத்தில் வேலை செய்தவர்களை என்ன செய்தது என்ற பகுதி பாடத்தில் கிடையாது. அதைத் தெரிந்துகொள்ள சென்னைக் கரையைவிட நல்ல இடம் இல்லை.

சென்னைக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. வெறும் மணல் கரை, அதில் ஓயாமல் மோதும் அலை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் மசூலாப் படகில்தான் கரைக்கு வர வேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதும்போது உடையாமல் வளைந்து கொடுக்கும். எந்த அலையை விடுவது, எந்த அலையோடு போவது என்று தெரிந்தவர்களால் மட்டுமே அதை ஓட்ட முடியும். எந்தப் பள்ளிக்கூடமும் கற்றுத்தராத வித்தை.

1860-களில் இரும்புத் தூண்கள் மேல் ஒரு பாலத்துறை வந்தது. 1870-களில் செயற்கைத் துறைமுகம் கட்ட ஆரம்பித்தார்கள். கிட்டத்தட்ட முடியும் நேரத்தில், 1881 நவம்பரில், ஒரு புயல் அலைதடுப்புச் சுவர்களை உடைத்துப் போட்டது. மறுபடி கட்டி, பிறகு 1904-ல் பொறுப்பேற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் நுழைவாயிலை வடகிழக்குக்கு மாற்றி, ஒருவழியாகத் துறைமுகம் உருப்படியானது. கப்பல் நேராகக் கரையோரம் வந்து நின்றதும் மசூலாப் படகோட்டியின் வித்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று. (அதே அலைதடுப்புச் சுவர், வடக்கு நோக்கி நகரும் மணலையும் மறித்துவிட்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரையைக் கடல் தின்றது. லாபம் ஒரு பக்கம், நஷ்டம் இன்னொரு பக்கம் என்பது வடசென்னைக்குப் பழகிய கணக்கு.)

படகோட்டி போன இடத்துக்குத் துறைமுகத் தொழிலாளி வந்தார். மூட்டை, பேல், பீப்பாய், மரப்பெட்டி என்று ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு வடிவம். வின்ச் இயக்குபவர் வின்ச்மேன், கயிறு கட்டும் வேலைக்குத் தலைமை தாங்குபவர் டிண்டல், சுமப்பவர் மஸ்தூர், எல்லோருக்கும் மேலே மேஸ்திரி. கப்பலின் அடித்தளத்தில் எதை முதலில் வைப்பது, கடல் ஆட்டத்தில் சரியாமல் எப்படி அடுக்குவது என்பதெல்லாம் கூடவே நின்று கற்றுக்கொண்ட அறிவு.

அறிவு இருந்தும் நாளைக்கு வேலை உண்டா என்பது தெரியாது. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் பட்டினி. 1931-ல் ராயல் கமிஷன், துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து முறைப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. சட்டம் வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு, 1948-ல். அதன் கீழ் 1950-களில் சென்னையிலும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு முறை வைத்து வேலை, வேலை இல்லாத நாட்களுக்கும் ஓரளவு உத்தரவாதம். இதற்குப் பின்னால் பல ஆண்டுத் தொழிற்சங்கப் போராட்டம் இருக்கிறது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-ல் சிங்காரவேலர் கொண்டாடியது இந்தச் சென்னையில்தான் என்பதை மறக்கக் கூடாது. வாரியத்தின் பதிவேட்டில் பெயர் இருப்பதுதான் அன்றைய சான்றிதழ். கேட்டுக்கு உள்ளே போகும் உரிமை.

இந்த நேரத்தில் உலகத்தின் இன்னொரு மூலையில் ஒரு லாரி முதலாளி வேறு யோசனையில் இருந்தார். மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கர். 1956 ஏப்ரல் 26-ம் தேதி 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பலில் 58 அலுமினியப் பெட்டிகளை நியூஜெர்சியிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உதிரிச் சரக்கை ஏற்ற அப்போது டன்னுக்கு 5 டாலருக்கு மேல் ஆகும். பெட்டியில் வைத்து ஏற்றியபோது 16 சென்ட்கூட ஆகவில்லை!

பெட்டியை மெக்லீன் கண்டுபிடிக்கவில்லை, பெட்டிகள் முன்பே இருந்தன. பெட்டி, லாரி, கிரேன், கப்பல் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்ததுதான் அவர் சாதனை. பெட்டியின் மூலைகளைப் பூட்டும் அமைப்புக்கான காப்புரிமையையும் 1963-ல் எல்லோருக்கும் இலவசமாக விட்டுக்கொடுத்தார். 1968-ல் சர்வதேச அளவுகள் வந்தன. அதற்குப் பிறகு பெட்டிக்குள் சட்டை இருக்கிறதா டயர் இருக்கிறதா என்று கிரேனுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

சென்னைத் துறைமுகத்தில், பாரதியார் பெயர் தாங்கிய பாரதி டாக்கில், கன்டெய்னர் முனையம் 1983-ல் வந்தது. அடுக்கும் வித்தை கப்பலின் அடித்தளத்தை விட்டு வெளியேறியது. எந்தப் பெட்டி எங்கே என்பதைத் திட்ட அறையில் கணக்குப் போட்டார்கள், கிரேன் இயக்குபவர் அதன்படி செய்தார். சரக்கைப் பெட்டியில் நிரப்பும் வேலை ஒழிந்துவிடவில்லை. அது கேட்டுக்கு வெளியே, தண்டையார்பேட்டை, மாதவரம், மணலி என்று கன்டெய்னர் சரக்கு நிலையங்களுக்குப் போயிற்று. அங்கே மூட்டை தூக்கியவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அரை நூற்றாண்டு போராடி வாங்கிய பதிவேடு அங்கே செல்லாது. 2001 கடைசியில் முனையம் தனியாரிடம் போனது. தொழிலாளர் வாரியமும் அதே ஆண்டு துறைமுகக் கழகத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. இந்த வரலாற்றில் முக்கியமான இடம் இதுதான். வேலை அழியவில்லை, இடம் மாறியது. மாறிய இடத்தில் பாதுகாப்பு இல்லை.

சரி, இனி கம்ப்யூட்டருக்கு வரலாம்.

2000-களில் மென்பொருள் உலகமும் உதிரிச் சரக்கு காலத்தில்தான் இருந்தது. புரோகிராம் எழுதுபவர் ஒருவர், அதை சர்வரில் ஏற்றி ஓடவைப்பவர் இன்னொருவர். எழுதியவரின் கம்ப்யூட்டரில் ஓடும், சர்வரில் ஓடாது. "என் மிஷின்ல ஓடுதே!" என்ற வசனம் உலகப் புகழ் பெற்றது. இந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் டெவ்ஆப்ஸ் பிறந்தது. 2009 ஜூனில், தினமும் 10 முறைக்கு மேல் புதிய பதிப்பை வெளியிடுகிறோம் என்று பிளிக்கர் நிறுவனத்தின் ஆல்ஸ்பாவும் ஹாம்மண்டும் ஒரு மாநாட்டில் பேசினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பாட்ரிக் டெபுவா நடத்திய கூட்டத்திலிருந்து அந்தப் பெயர் பரவியது. சர்வரை வாடகைக்கு விடும் வியாபாரத்தை அமேசான் 2006-லேயே ஆரம்பித்திருந்தது. அதுதான் இன்று கிளவுட்.

2013-ல் சாலமன் ஹைக்ஸ் டாக்கரை வெளியிட்டார். புரோகிராமையும் அதற்குத் தேவையான எல்லாத் துணைக் கோப்புகளையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடு, எந்த சர்வரிலும் அது ஒரே மாதிரி ஓடும். கப்பல் பெட்டியை உதாரணம் காட்டியே அவர் விளக்கினார். இங்கும் பெட்டி புதிது அல்ல. லினக்ஸிலும் சோலாரிஸிலும் அதற்கான வசதிகள் ஏற்கெனவே இருந்தன. பொருந்தும்படி செய்ததுதான் புதுமை. 2015-ல் தன் பெட்டியின் வடிவத்தைப் பொதுத் தரநிலைக்காக டாக்கர் நிறுவனம் விட்டுக்கொடுத்தது. மெக்லீனின் 1963 நினைவுக்கு வருகிறதா?

பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகினால் யார் அடுக்குவது? கூகுள் 2014-ல் வாரத்துக்கு 200 கோடிக்கு மேல் கன்டெய்னர்களை இயக்குவதாகச் சொன்னது. அதற்காகத் தனக்குள் வைத்திருந்த 'போர்க்' என்ற அமைப்பின் அனுபவத்தில் உருவாக்கி அதே ஆண்டு வெளியிட்டதுதான் குபர்நெட்டிஸ். எந்த சர்வரில் இடம் இருக்கிறது, எது பழுது, எந்தப் பெட்டியை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது அதன் வேலை. பாரதி டாக்கின் திட்ட அறை செய்ததும் அதுதான்.

ஒவ்வொரு அலுவலகத்திலும் குளிர் அறையில் சர்வர்களைக் காத்துவந்த நிர்வாகியின் நிலை டிண்டல் நிலைதான். அவர் அனுபவம் பொய்யாகவில்லை, ஆனால் சர்வர் அங்கே இல்லை. திருவொற்றியூரில் உட்கார்ந்து அமேசானில் பயிற்சி செய்பவரின் சர்வர் பெரும்பாலும் மும்பையில் இருக்கும். (சென்னையிலும் மைக்ரோசாப்ட் 2015 முதல் தன் கிளவுட் மையம் ஒன்றை வைத்திருக்கிறது.) புதிய கேட்டுக்குள் போக வேண்டியவரிடம் கேட்கப்படும் அட்டைதான் சான்றிதழ்.

அமேசான் 2013-ல் சான்றிதழ்த் தேர்வுகளைத் தொடங்கியது. அதன் அடிப்படைத் தேர்வில் 65 கேள்விகள், 90 நிமிடம், கட்டணம் 100 டாலர். கொள்குறி வகை என்பதால் மனப்பாடம் ஓரளவு கைகொடுக்கும். 2017-ல் வந்த குபர்நெட்டிஸ் நிர்வாகி தேர்வு வேறு ரகம். கேள்வித்தாளே இல்லை, 2 மணி நேரம் உயிருள்ள சர்வர்கள் முன்னால் உட்கார்த்தி வைத்து, பழுதைச் சரிசெய் என்பார்கள். 66 சதவீதம் எடுத்தால் பாஸ். தேர்வு நேரத்தில் அதிகாரபூர்வ விளக்கப் பக்கங்களைத் திறந்து பார்க்கவும் அனுமதி உண்டு! பார்த்தாலும், கையால் செய்து பழகாதவருக்கு நேரம் போதாது. வின்ச்சை இயக்கிக் காட்டு என்று கேட்பதற்கு இது கொஞ்சம் பக்கத்தில் வருகிறது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்களின் அரசுச் சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கிளவுட் சான்றிதழுக்கு உண்டு. அமேசானுக்கு 3 ஆண்டுகள். குபர்நெட்டிஸுக்கு முன்பு 3 ஆண்டுகள், 2024 ஏப்ரல் முதல் 2 ஆண்டுகள்தான். எண்ணூர் சாலையில் நிற்கும் பெட்டிகளின் கதவைக் கவனித்தால் ஒரு சிறிய உலோகத் தகடு தெரியும். 1972-ன் சர்வதேச ஒப்பந்தப்படி ஒட்டப்பட்ட பாதுகாப்புச் சான்று அது. முதல் பரிசோதனைக்குப் பிறகு, வழக்கமான முறையில் 30 மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைப் பரிசோதிக்க வேண்டும். குபர்நெட்டிஸ் சான்றிதழ் பெற்றவரைவிடப் பெட்டிக்கு ஆறு மாதம் கூடுதல் அவகாசம்.

கட்டணம் டாலரில் இருப்பதுதான் வடசென்னை மாணவருக்கு முதல் தடை. 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், கல்லூரிகளுக்குள்ளேயே இப்படிப்பட்ட திறன் பாடங்களைக் கொண்டுவந்திருக்கிறது. தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் கற்றுக்கொள்வதற்குச் செலவே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குபர்நெட்டிஸ், டாக்கரின் மூலக்கருவிகள், ஹெல்ம், ஹார்பர் எல்லாமே திறமூலம். 'மினிகியூப்' என்ற கருவிக்கு 2 பிராசஸர், 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி டிஸ்க் போதும். பழைய லேப்டாப் ஒன்றிலேயே ஒரு குட்டி ஹார்பரை ஓட்டிப் பார்க்கலாம், வேண்டுமென்றே உடைத்துப் போட்டுச் சரிசெய்தும் பழகலாம்.