கடமும் மின்கிதாரும்

1966-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் இருகரைகளிலும் இருவேறு இசைகள் ஒலித்தன. கீழைக் கரையில், நியூயார்க் நகரத்து ஐக்கிய நாடுகள் அவையில், எம். எஸ். சுப்புலட்சுமி பாடினார். அவருக்குப் பக்கவாத்தியம் வாசித்தோருள் மண்ணாலான கடத்தை மடியில் அணைத்து அமர்ந்திருந்த தே. ஹ. விநாயக்ராம் அன்று 24 வயது இளைஞர். மேலைக் கரையில், சான் பிரான்சிஸ்கோ நகரத்துப் பூங்கா ஒன்றில், நீண்ட தலைமுடியும் வண்ண உடையுமாகத் திரண்டிருந்த இளைஞர்களுக்காகக் 'கிரேட்ஃபுல் டெட்' என்னும் குழு மின்கிதாரை முழக்கிக்கொண்டிருந்தது. மனமயக்கம் தரும் எல்.எஸ்.டி. என்ற பொருளைக் கலிபோர்னிய மாநிலம் சட்டத்தால் விலக்கிய நாள் அது. இவ்விரு மேடைகளுக்கும் இடையே அன்று எவ்வகைத் தொடர்பும் இல்லை. ஆயினும் 25 ஆண்டுகள் கழிந்தபின் அந்தக் கடமும் அந்தக் குழுவின் முரசும் ஒரே இசைத்தட்டில் சேர்ந்து ஒலித்தன. இடைப்பட்ட காலத்தில் நடந்தது ஒரு காதலின் வரலாறு. அதனைச் செவியின் காதல் எனலாம்.

அக்குழுவின் பெயரே கவிஞர்க்குச் சுவை தருவது. புதைக்கப்படாது கிடந்த பிணம் ஒன்றைக் கண்ட வழிப்போக்கன், தன் கைப்பொருளைச் செலவிட்டு அதனை அடக்கம் செய்கிறான். பின்னாளில் அவனுக்கு இடர் நேரும்போது இறந்தவனின் ஆவி வந்து துணைநிற்கிறது. பல நாட்டு நாட்டார் கதைகளிலும் வரும் இக்கூறினை ஆய்வாளர் 'நன்றியுள்ள பிணம்' என்று வழங்குவர். 1965-இல் தம் குழுவிற்குப் பெயர் தேடிய ஜெர்ரி கார்சியா அகராதி ஒன்றில் கண்டெடுத்த தொடர் இது. இக்குழுவின் பாடல்கள் பலவற்றை எழுதிய இராபர்ட் ஹன்டர் மேடையேறாத உறுப்பினராகவே மதிக்கப்பட்டவர். ஜெர்மானியக் கவிஞர் ரில்கேயின் டுயினோ இரங்கற்பாக்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் அவரே. ராக் இசை என்றாலே கூச்சல் என்று ஒதுக்கும் நம்மவர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இவ்விசைக்குச் 'சைக்கெடெலிக்' என்னும் அடைமொழி வந்த வழியும் எழுத்தாளர் ஒருவரோடு தொடர்புடையது. மனத்தை வெளிப்படுத்துவது என்ற பொருளில், கிரேக்க வேர்களிலிருந்து மருத்துவர் ஹம்ப்ரி ஆஸ்மண்ட் இச்சொல்லை ஆக்கினார். அது பிறந்தது அவருக்கும் நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கும் இடையே 1956-இல் நடந்த கடிதப் போக்குவரத்தில். பத்தாண்டுகளில் அது ஓர் இசைவகையின் பெயராயிற்று. மூன்று நிமிடப் பாட்டு அரைமணி நேரமாக நீண்டது. பல்லவி சரணம் என்ற கட்டு தளர்ந்தது. ஒரே சுருதியின்மேல் நின்று விரித்துச் செல்லும் போக்கு உண்டாயிற்று. ஆலாபனை கேட்டுப் பழகிய செவிக்கு இது புதிதன்று. அவர்களுக்கோ அது புத்துலகம். அதற்கு வழிகாட்டியவர்களுள் ரவிசங்கரும் அவருடைய தபேலாக் கலைஞர் அல்லா ரக்காவும் முதன்மையானவர்கள்.

1967-இல் கிரேட்ஃபுல் டெட் குழுவில் சேர்ந்த மிக்கி ஹார்ட் என்னும் முரசறைவோர் அல்லா ரக்காவின் தாளக்கணக்கைக் கேட்டு நிலைகுலைந்தவர். அவரை அணுகிக் கற்றவர். அதன் விளைவை அக்குழுவின் இசையிலேயே காணலாம். 'தி இலெவன்' என்ற அவர்களது உருப்படி பதினோர் எண்ணிக்கை கொண்டது. மூன்று மூன்றாக மும்முறை எண்ணி இறுதியில் இரண்டைச் சேர்ப்பது. சங்கீர்ண சாதி ரூபகத்திற்கும் பதினொன்றே கணக்கு என்பதைத் தாளம் அறிந்தோர் உணர்வர். 'பிளேயிங் இன் தி பேண்ட்' என்பதன் அடிப்படையோ பத்து. நாலுக்கு நாலு என்று காலால் தட்டியே வளர்ந்த அமெரிக்க இளைஞர் கூட்டம் பதினோர் எண்ணிக்கைக்கு ஆடியது என்பது சிறு செய்தியன்று.

எனினும் இக்காதல் தொடக்கத்தில் பெரும்பாலும் அறியாமையோடு கலந்திருந்தது என்பதை மறைத்தல் ஆகாது. 1967-ஆம் ஆண்டு ஜூனில் மான்டரே இசைவிழாவில் ஜிமி ஹென்றிக்ஸ் தம் கிதாரை மேடையிலேயே தீயிட்டார். ரவிசங்கர் அதனைக் கண்டு உள்ளம் நொந்தார். கலைமகள் விழா நாளில் வீணைக்கும் மிருதங்கத்திற்கும் சந்தனமிட்டு வணங்கும் மரபிலே வந்தோர்க்கு அது பொறுக்கக்கூடிய காட்சியா? 1971 ஆகஸ்டில் வங்கதேசத்திற்காக நியூயார்க்கில் நடந்த நிகழ்ச்சியில், சிதாரும் சரோதும் சுருதி சேர்த்து முடிந்தவுடன் ஆயிரக்கணக்கானோர் கைதட்டினர். சுருதி சேர்த்ததையே இவ்வளவு சுவைத்தீர்களாயின் வாசிப்பை இன்னும் சுவைப்பீர்கள் என நம்புகிறேன் என்ற பொருள்பட ரவிசங்கர் மென்மையாகச் சொன்னார். அச்சொல்லில் உள்ள நகைப்பு நெடுநாள் வாழும்.

1969 ஆகஸ்டு 15 அன்று வுட்ஸ்டாக் பெருவிழா தொடங்கியது. அந்நாள் இந்திய விடுதலை நாளாக அமைந்தது தற்செயலே. நியூயார்க் மாநிலத்துப் பெத்தேல் என்ற ஊரில், பால்பண்ணை நிலம் ஒன்றில், நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடினர். ரிச்சி ஹேவன்ஸ் முதலில் பாடி முடித்தபின், அக்கூட்டத்திற்குத் தொடக்கவுரை ஆற்ற மேடையேறிய நரைத்தாடித் துறவி ஒரு தமிழர். கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 1914-இல் இராமசாமி என்ற பெயரோடு பிறந்து, ரிஷிகேசத்துச் சிவானந்தரிடம் துறவு பெற்று, இலங்கையில் பல்லாண்டு பணியாற்றி, 1966-இல் நியூயார்க் சேர்ந்த சுவாமி சச்சிதானந்தர் அவர். ஒலியே உலகை ஆள்வது என்பதை ஒட்டி அவர் பேசினார். இலட்சக்கணக்கானோர் அமைதியாகக் கேட்டனர். ஜாஸ் இசைக்கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன் 1971-இல் வெளியிட்ட இசைத்தட்டு ஒன்றிற்கு அவர் பெயரையே சூட்டினார். கொங்குநாட்டுச் சிற்றூர் ஒன்றின் மகன் அந்தத் தலைமுறையின் தலைவாயிலில் நின்றது தமிழ்நாட்டில் இன்றும் பரவலாக அறியப்படாதிருப்பது வியப்பே.

மறுநாள் இரவு அதே மேடையில் கிரேட்ஃபுல் டெட் வாசித்தது; படுதோல்வி. மழையில் மேடை நனைந்திருந்தது. மின்கம்பிகளின் நிலத்தொடர்பு சீர்கெட்டுக் கிதாரைத் தொட்ட கையில் மின்சாரம் தாக்கியது. (மின்காப்புப் பீங்கான் செய்யும் விருத்தாசல வட்டாரத்தார்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.) தம் வாசிப்பில் மனநிறைவு கொள்ளாத அவர்கள், விழாவைப் பற்றிய திரைப்படத்தில் தங்கள் பகுதியைச் சேர்க்க இசையவில்லை. உலகமே புகழும் மேடையில் தாம் தோற்றதை மறைக்காது சொல்லிவந்த அந்த நேர்மையும் அவர்களுடைய ரசிகர்க்குப் பிடித்துப்போயிற்று.

அந்த ரசிகர்களே இவ்வரலாற்றின் மையம். 'டெட்ஹெட்' எனப்பட்ட அவர்கள் ஊர் ஊராகக் குழுவைப் பின்தொடர்ந்தனர். நேற்று வாசித்தது போல் இன்று வாசிப்பதில்லை என்பதே காரணம். ஒரே பாட்டு ஓரூரில் பத்து நிமிடம். அடுத்த ஊரில் முப்பது. இவ்வேறுபாட்டைக் கேட்பதற்காகவே வேலையை விட்டு, பழைய ஊர்திகளில் ஆயிரம் கல் பயணம் செய்தனர். கேட்டதை ஒலிநாடாவில் பதிந்தும் வைத்தனர். பிற குழுவினர் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டால் பறிமுதல் செய்த காலத்தில், இக்குழுவினர் 1984 முதல் ஒலிப்பதிவோர்க்கென அரங்கில் தனியிடமே ஒதுக்கினர். நாடாவை விற்றலாகாது, மாற்றிக்கொள்ளலாம் என்பதே விதி. 30 ஆண்டுகளில் அவர்கள் நிகழ்த்திய ஏறத்தாழ 2,300 நிகழ்ச்சிகளுள் மிகப் பெரும்பாலானவை இன்று கேட்கக் கிடைக்கின்றன. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசித்தது, ரசிகர் கைகளில் நாடாவாகவே உலவி, பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவேட்டிலும் இடம் பெற்றது.

ஊர் ஊராகச் சென்று கேட்கும் இப்பித்து நமக்குப் புதியதன்று. கோயில் திருவிழாக்களில் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்திற்காக வண்டி கட்டிச் சென்றோரும், வீதியுலாவில் விடியும்வரை உடன்நடந்தோரும் காவிரிக் கரையில் எத்துணையோ பேர். ஒரு தோடி ஒரு வீதியைக் கடப்பதற்குள் இரவு கழிந்துபோன கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கலாம். அந்த இரவுகளுள் எஞ்சியவை எத்தனை? 1956-இல் மறைந்த அம்மேதையின் வாசிப்பாக நமக்கு வாய்த்தவை சில நிமிடங்களே ஓடும் கிராமபோன் தட்டுகளும் ஒருசில ஒலிப்பதிவுகளுமே. அன்று கருவி அரிது, உண்மை. ஆனால் கருவி மலிந்த பின்னரும் எத்தனை திருவிழாக்களின் நாகசுரத்தை நாம் பதிந்தோம்? எத்தனை கவியரங்குகளை, எத்தனை கூத்துகளைப் பதிந்தோம்? போதையில் மிதந்தோர் என்று நாம் இகழ்ந்த கூட்டம், கேட்டதை நாள் தவறாமல், ஊர் தவறாமல் குறித்து வைத்தது. போதை உண்மையே, அதனைப் போற்றுவதற்கில்லை. ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில், 53 வயதில், போதை மீட்பு இல்லம் ஒன்றில் உயிர்நீத்தார்.

இந்தியாவிலும் இவ்விசைக்கு ரசிகர் இல்லாமலில்லை. இலங்கை வானொலியில் தமிழ்த் திரைப்பாடல் கேட்டவர்கள் மிகப் பலர். முள்ளைச் சற்றே திருப்பினால் அதே நிலையத்தின் ஆங்கிலப் பாட்டும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டவர் சிலர். அறுபதுகளின் இறுதியில் சிகரெட்டு நிறுவனம் ஒன்று விளம்பரத்திற்காக 'சிம்லா பீட்' என்ற போட்டியை நடத்தியது. நாட்டின் பல நகரங்களிலிருந்தும் இளைஞர் குழுக்கள் கலந்துகொண்டன. 1970-லும் 1971-லும் அவர்களுடைய வாசிப்புகள் இசைத்தட்டுகளாக வந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடு மிகுந்திருந்த அந்நாளில் நல்ல மின்கிதார் கிடைப்பது அரிது. தச்சரிடம் மரத்தை இழைத்தும், வானொலி பழுதுபார்ப்பவரிடம் ஒலிபெருக்கியைக் கட்டுவித்தும் வாசித்தோர் உண்டு. அந்தத் தட்டுகளை இன்று மேலைநாட்டு ரசிகர் தேடிச் சேர்க்கின்றனர்.

கடத்தின் கதைக்குத் திரும்புவோம். ஆங்கிலேயக் கிதார்க் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் மின்னிசையின் உச்சத்தில் நின்றவர். அதனை விடுத்து, கர்நாடக இசையறிஞர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றார். தம் கிதாரின் மெட்டுகளுக்கிடையே மரத்தைக் குடைவித்து, வீணையில் போலக் கமகம் பிடிக்க வழிசெய்தார். வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம் ஆகியோருடன் அவர் அமைத்த 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டு 1975 ஜூலையில் பதிவாயிற்று. சுருதி சேர்ப்பதற்குக் கைதட்டிய தலைமுறை, பத்தாண்டுக்குள் தனியாவர்த்தனத்தில் கோர்வை எங்கே முடிகிறது என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கற்றுக்கொண்டது. அறியாமையில் தொடங்கிய காதல் என்று இகழ்வோர் இதனை அறிதல் நலம். மெக்லாஃப்லின் பின்னாளில் கொன்னக்கோலையும் கற்று, விநாயக்ராமின் மகன் செல்வகணேஷுடன் சேர்ந்து 2007-இல் அதற்கொரு பாடப்படமே வெளியிட்டார்.

மிக்கி ஹார்ட்டும் விட்டுவிடவில்லை. உலகத்து முரசுகளைத் தேடித் திரிந்தார்; அவை பற்றி நூல்கள் எழுதினார். 1991-இல் நைஜீரியாவின் பாபாதுண்டே ஒலாதுன்ஜி, பிரேசிலின் ஐர்ட்டோ மொரெய்ரா, ஜாகிர் உசேன் முதலியோரை ஒருங்கே அமர்த்திப் 'பிளானட் டிரம்' என்னும் இசைத்தட்டை உருவாக்கினார். அதில் கடம் வாசித்தவர் விநாயக்ராம். உலக இசைக்கென அமெரிக்கர் புதிதாக ஏற்படுத்திய கிராமி விருதை முதன்முதலில் பெற்றது அத்தட்டே. அவ்விருதுச் செய்தி தெரிந்த அளவிற்கு, அதன்பின் நின்ற முரசறைவோர் யார், அவர் எங்கிருந்து அங்கு வந்து சேர்ந்தார் என்பது தமிழர்க்குத் தெரியவில்லை. விருதை மட்டும் எண்ணிக்கொண்டோம். கேட்ட செவியை மறந்தோம்.

அந்தக் கடமோ மிக எளிய பொருள். விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை அச்சில் வார்க்கப்படுவது. மானாமதுரைக் கடம் சக்கரத்தில் எழும்பி, உள்ளே கல்லை அணைகொடுத்து வெளியே மரத்தட்டையால் ஆயிரக்கணக்கான முறை தட்டப்பட்டு உருப்பெறுவது. சுவர் எங்கும் ஒரே கனமாயிருத்தல் வேண்டும். சிறிது பிசகினாலும் ஓசை கெடும். சென்னைக் கடத்தைவிட அது கனமும் உறுதியும் மிக்கது. அதனைச் செய்யும் மானாமதுரை மீனாட்சி அம்மையார்க்கு 2014-இல் சங்கீத நாடக அகாதமியின் விருது வழங்கப்பட்டது. 2023-இல் அவ்வூர் மண்பாண்டத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2024-இல் சக்தி குழுவின் புதிய தட்டு கிராமி விருது பெற்றபோது மேடையேறியவர்களுள் செல்வகணேஷும் ஒருவர்.

சூளையிலிருந்து இறங்கிய கடத்தின் சுருதியை வாசிப்பவர் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. ஆகவே, பாடுவோரின் சுருதி எதுவாயினும் பொருந்தும்பொருட்டுக் கடக் கலைஞர் பல கடங்களை வைத்திருப்பர். சுருதி வேறுபட்ட பல கடங்களைத் தம்மைச் சுற்றி வைத்துக்கொண்டு, மாறி மாறித் தட்டி அவற்றிலிருந்து பண்ணின் சாயலையே எழுப்பிக் காட்டுவது விநாயக்ராமுக்கு வழக்கம்.