ஸ்பீக்கர் வாங்கியவர் எத்தனை பேர், கேட்டவர் எத்தனை பேர்?

ஆடி மாதம் கள்ளக்குறிச்சி பக்கம் எந்த ஊர் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினாலும், ஊருக்குள் நுழையும் முன்பே பாட்டு வந்து வரவேற்கும். பந்தல் ஓரம் ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்த பாக்ஸ், பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர், ஒரு மைக்செட்காரர். அத்தனையும் வாடகை. இதற்கு நேர் எதிர்முனையில் இன்னொரு ஸ்பீக்கர் உலகம் இருக்கிறது. தனி அறை, ஒரே ஒரு நாற்காலி, எதிரே கார் விலையில் இரண்டு பெட்டிகள். பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் கம்பெனி 2021-ல் வெளியிட்ட 801 டி4 ஒரு ஜோடி 35,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 26 லட்சம் ரூபாய், இறக்குமதி வரி தனி!

இப்படிப்பட்ட ஆடம்பர ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய சந்தை இருக்கும்? ஆரம்பத்திலிருந்து பார்த்தால்தான் விடை பிடிபடும்.

ஒலிபெருக்கி பிறந்ததே கூட்டத்துக்காகத்தான். 1915 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன்னால் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் தங்கள் 'மேக்னவாக்ஸ்' கருவியைப் பெரும் கூட்டத்துக்கு முன் ஒலிக்க வைத்தார்கள். இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் கூம்புத்தாள், காந்தம், கம்பிச்சுருள் அமைப்பை 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரு பொறியாளர்கள் ஒழுங்குபடுத்தினார்கள். நல்ல பாஸ் வேண்டுமென்றால் பீரோ அளவுக்குப் பெட்டி வேண்டும் என்ற நிலை அதற்குப் பிறகும் மாறவில்லை. 1954-ல் எட்கர் வில்ச்சர் அதை உடைத்தார். காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டிக்குள் இருக்கும் காற்றையே ஸ்பிரிங் மாதிரி வேலை செய்ய வைத்தார். அவருடைய ஏஆர்-1 அலமாரியில் அடங்கியது. 1958-ல் ஸ்டீரியோ இசைத்தட்டு வந்ததும் வீட்டுக்கு ஒன்றுக்குப் பதில் இரண்டு ஸ்பீக்கர் தேவைப்பட்டது. இரண்டு பீரோவை யார் வீட்டில் வைப்பது? சின்னப் பெட்டி ஜெயித்தது. 1966-ல் அமெரிக்க ஸ்பீக்கர் விற்பனையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரே கம்பெனியுடையது.

அதே 1966-ல் கல்வராயன் மலை இன்னும் ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து 19 வருடம் ஆகியும் மலைக்கிராமங்கள் அவர்களுக்குத்தான் வரி கட்டின. அரசு மலையை எடுத்துக்கொண்டது 1976-ல். சாலை, பள்ளி, கரண்ட் எல்லாம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மேலே ஏறியவை. சந்தை என்றதும் வருமானத்தை மட்டுமே பார்ப்பது பொருளாதாரப் பாடப்புத்தகத்தின் பழக்கம். பிளக் சொருக ஒரு ஓட்டை வேண்டும் என்பதை அது மறந்துவிடும்.

சமவெளியிலும் ஸ்பீக்கர் வீட்டுக்குள் வந்தது கடைசியாகத்தான். காந்தியும் நேருவும் பேசும் பழைய போட்டோக்களில் மைக்கின் மேல் 'சிகாகோ' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கலாம். அது மோத்வானே குடும்பத்தின் சிகாகோ ரேடியோ கம்பெனி. பெயரைத் தவிர அமெரிக்காவோடு சம்பந்தம் குறைவு. 1940-ல் டெல்லியில் அகுஜா தொடங்கியது. பிறகு தமிழ்நாட்டு மைக்செட் கடைகளில் 'அகுஜா' என்பது கிட்டத்தட்ட பொதுப்பெயரே ஆகிவிட்டது. கிராமத்தில் பஞ்சாயத்து ரேடியோ. ஒரு பெட்டி, ஒரு குழாய், ஊரே உட்கார்ந்து திருச்சி வானொலியின் செய்தி கேட்டது.

வீட்டில் நல்ல சத்தம் கேட்க ஆசைப்பட்டவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள். பொருள்தான் இல்லை. வெளிநாட்டு நுகர்பொருளை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்ய ஏறக்குறைய வழியே கிடையாது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வரும் மாமா கொண்டுவந்தால் உண்டு. இல்லையென்றால் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969-ல் சென்னையில் உருவான பர்மா பஜார். 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் இந்த இடைவெளியில் வளர்ந்த கம்பெனிதான். மற்றவர்கள் ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து, டிடிகே கேசட்டில் இளையராஜாவைப் பதிவு செய்து, பானைக்குள் ஸ்பீக்கரை வைத்து பாஸ் ஏற்றிக் கேட்டார்கள். அந்தப் பானை ஆராய்ச்சிக்கும் வில்ச்சருடைய ஆராய்ச்சிக்கும் வித்தியாசம் பட்ஜெட் மட்டும்தான்!

1990-91-ல் உச்ச சுங்க வரி 150 சதவீதத்துக்கும் மேல். 2001 ஏப்ரல் 1 அன்று நுகர்பொருள்களின் மீதிருந்த கடைசி இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் நீங்கின. 2007-ல் உச்ச வரி 10 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. கதவு திறந்தாயிற்று, சந்தை பொங்கி வந்ததா?

இங்கேதான் கணக்கு தகராறு. சுங்கப் பட்டியலில் ஒலிபெருக்கிக்கு எண் 8518. பெட்டிக்குள் ஒரு ஸ்பீக்கர் என்றால் 8518 21, பல ஸ்பீக்கர் என்றால் 8518 22. ஐந்நூறு ரூபாய் பெட்டியும் ஐம்பது லட்ச ரூபாய் பெட்டியும் ஒரே வரிசை. ஆடம்பரத்துக்குத் தனிக் கட்டம் கிடையாது. 'ஆடம்பர ஸ்பீக்கர் சந்தை இத்தனை பில்லியன்' என்று வரும் அறிக்கைகளில் எந்த விலைக்கு மேல் ஆடம்பரம் என்பதை எழுதுகிறவரேதான் முடிவு செய்கிறார். கோட்டை எங்கே போடுகிறோமோ அதற்கேற்ப சந்தை பெருக்கும், சிறுக்கும்.

இதைவிட நம்பகமான தராசு ஒன்று உண்டு. கம்பெனியே கைமாறும்போது கொடுத்த விலை. கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஆக்சிமீட்டர், அதைத் தயாரிக்கும் மாசிமோ என்ற அமெரிக்கக் கம்பெனி 2022-ல் சவுண்ட் யுனைடெட்டை 102.5 கோடி டாலருக்கு வாங்கியது. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ், டெனான், மராண்ட்ஸ், போல்க் எல்லாம் அதற்குள் அடக்கம். அறிவிப்பு வந்த மறுநாளே மாசிமோ பங்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. 2025-ல் அதே தொழிலை சாம்சங்கின் கையிலுள்ள ஹார்மனுக்கு 35 கோடி டாலருக்கு விற்றார்கள். சுமார் 3,000 கோடி ரூபாய். இதில் சாதாரண விலைப் பொருள்களும் சேர்த்தி என்பதை மறக்கக்கூடாது. உலகப் புகழ்பெற்ற பெயர்கள் நாலைந்து சேர்ந்தே அவ்வளவுதான்!

ஹார்மனை சாம்சங் 800 கோடி டாலருக்கு வாங்கியதே என்று கேட்கலாம். உண்மைதான், ஒப்பந்தம் 2016-ல் அறிவிக்கப்பட்டது. அப்போது ஹார்மன் விற்பனையில் சுமார் 65 சதவீதம் கார் சம்பந்தப்பட்டது. அந்த விலை வீட்டு ஹாலுக்குக் கொடுத்ததல்ல, டேஷ்போர்டுக்குக் கொடுத்தது.

பக்கத்து மாநிலத்தில், கொச்சியில், ஜேக்கப் ஜார்ஜ் என்ற கட்டடக்கலைஞர் 'ரீதம்' என்ற பெயரில் உயர்தர ஸ்பீக்கர் தயாரித்து அமெரிக்கக் கண்காட்சிகள் வரை கொண்டுபோனார். கள்ளக்குறிச்சிக்கு அந்த மாதிரி ஒருவர் வாய்த்திருந்தால் பெட்டிக்கு ஆள் தேட வேண்டியிருந்திருக்காது. இங்குள்ள மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. விலையுயர்ந்த ஸ்பீக்கரில் வாங்குகிறவர் கண்ணுக்கு முதலில் படுவது மரவேலைதானே.

மறுபடி மாரியம்மன் பந்தலுக்கு வந்தால், அங்கே அடுக்கியிருக்கும் பாக்ஸ் நுகர்பொருளே அல்ல, மூலதனப் பொருள். மைக்செட்காரர் கடன் வாங்கிப் போட்ட பணத்தைக் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று வாடகையில் எடுக்கிறார். ஒரு முழு செட்டுக்கு அவர் போட்ட முதல் நகரத்து ரசிகரின் ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குப் போட்டி போடலாம். அங்கே கேட்பது ஒரு காது ஜோடி, இங்கே ஒரு ஊர். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை நிறுத்த வேண்டும். கூம்புக் குழாய்க்குப் போலீஸ் தடை வந்த பிறகு குழாயை இறக்கிவிட்டு பாக்ஸ் வாங்கும் செலவும் அவர் தலையில்தான் விழுந்தது. ஆடம்பரச் சந்தை அறிக்கை எதிலும் அவர் பெயர் வராது. சுங்கப் பட்டியலில் மட்டும் அவருடைய பாக்ஸுக்கும் அதே 8518.