திருமணியில் பிடித்த ஒரு கை

முட்டிவலிக்கான பயிற்சி இப்போது செல்போனில் வருகிறது. எத்தனை அடி நடந்தோம் என்று கைக்கடிகாரம் கணக்குச் சொல்கிறது. எல்லாம் நேற்று வந்தவை என்றுதான் நம் வயதுக்காரர்கள் பேசிக்கொள்கிறோம். ஆனால் இதன் பழைய வேர் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

நெம்மேலியிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போனால், நகரை ஒட்டித் திருமணி. அங்கிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையை 1955இல் மத்திய அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு முன்பு, 1947இல், டாக்டர் பால் பிராண்ட் அங்கே வந்தார். கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரர், வேலூர் சி.எம்.சி.யில் அறுவை மருத்துவர். மருத்துவமனைத் தலைவர் டாக்டர் காக்ரேன் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தபோது, விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார் பிராண்ட். பிடித்த பிடியில் அவருக்கே வலித்துவிட்டது. செத்த கை என்று எல்லாரும் ஒதுக்கிய கையில் அத்தனை பலம்! உள்ளங்கையின் சிறு தசைகள்தான் படுத்திருந்தன. முன்கைத் தசைகள் நன்றாக இருந்தன. நல்ல தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தி விரலை நிமிர்த்தும் சிகிச்சை வேலூரில் வளர்ந்தது இப்படித்தான்.

கத்தி வேலை ஒரு நாளில் முடிந்துவிடும். பிசியோதெரபிதான் வாரக்கணக்கில் நடக்கும். நேற்றுவரை ஒரு வேலை செய்த தசைக்கு வேறு வேலை பழக்க வேண்டும் அல்லவா?

பிராண்ட் 1966இல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோயில் விரல் தானாக உதிர்வதில்லை. வலி தெரியாமல் புண்ணாக்கிக்கொள்வதால் போகிறது. அப்படியானால் வலியை மின்கருவியால் கொடுத்தால் என்ன? பொறியாளர்களோடு சேர்ந்து கையுறையிலும் காலணியிலும் அழுத்தம் அளக்கும் சிறு கருவிகளை வைத்தார். அழுத்தம் மிஞ்சினால் காதில் சத்தம் வரும். யாரும் பொருட்படுத்தவில்லை. பிறகு அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். உறுத்தும் வேலை வந்ததும் நோயாளிகள் கருவியை அணைத்தார்கள், வேலையை முடித்தார்கள், மறுபடி போட்டுக்கொண்டார்கள்! எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். டாக்டர் சொன்ன உப்பைக் குறைக்காமல், பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பத்தியம் இருப்பவர்கள்தானே நாம்?

செயற்கை வலித் திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் பாதத்தில் எங்கே பாரம் அதிகம் விழுகிறது என்று அளந்து பார்க்கும் வழக்கம் நிலைத்தது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு இன்று கணினியில் எடுக்கும் பாத அழுத்தப் படம் அந்த வழியில் வந்ததுதான். எம்.சி.ஆர். செருப்பு போடுகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. அந்த மெத்தென்ற ரப்பருக்கும் வேலூர்த் தொழுநோயாளிகளுக்கும் பழைய உறவு.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. அதற்கு முந்தின ஆண்டு ஊரடங்கில், பிசியோதெரபி படித்த என் தங்கை பேத்திக்கு வகுப்பெல்லாம் செல்போனில். தசையைத் தொட்டுப் பழக ஆள் வேண்டுமே? பாட்டியின் முட்டிதான் பாடப்புத்தகம். இப்போது வேலை பார்க்கிறாள். பயிற்சியை யார் எந்த நாளில் நிறுத்தினார்கள் என்று அவள் செல்போன் காட்டுகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளாம். சாயங்காலம் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அவளே போன் போடுகிறாள்.