வாங்கிய வீடும் அயலவர் உரிமையும்

2011ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், கொக்குவிலில் பழைய கல்வீடொன்றை விலைக்கு வாங்கிக் குடிபுகுந்தோம். கொழும்பில் நாற்பது ஆண்டுகள் வாடகை வீடுகளில் காலங்கழித்த பத்திரிகைக்காரன் ஓய்வுக் காலத்தில் ஊருக்குத் திரும்பியதைப் பலரும் வரவேற்றனர். ஆயினும், "வீடு வாங்கினனீங்களோ?" என்று அவர்கள் கேட்ட தொனியில் ஒரு சிறு வியப்பும் கலந்திருந்தது. யாழ்ப்பாணத்தான் வீடு வாங்குவதில்லை; வீடு அவனுக்கு வாய்க்கிறது. மனைவியின் சீதனமாக வரும், அல்லது பெற்றோரின் முதுசமாக வரும். காசு கொடுத்து வாங்கிய வீட்டில் குடியிருப்பவனைப் பற்றி, இவனுடைய சீதன வீட்டுக்கு என்ன நடந்தது என்று அயல் யோசிக்கத்தான் செய்யும்.

எமது சீதன வீட்டுக்கு நடந்தது இரகசியமல்ல. 1970களில் கொழும்புச் சீவியத்தின் நெருக்கடியில் அதை விற்றோம். வீடு மனைவியுடையது. எனினும் உறுதியில் நானும் கையொப்பமிட்டேன். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத்து விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் சீதனக் காணியை விற்க இயலாது. அவருடைய வீட்டை விற்க என் கை தேவைப்பட்டதே என்பதை மனைவி இன்றுவரை அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு. இப்போது வாங்கிய வீடு தேசவழமையின் மொழியில் 'தேடியதேட்டம்'. முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற மூவகைச் சொத்தில் இல்வாழ்க்கைக் காலத்தில் இருவரும் ஈட்டியது இது. பழைய வழமையில் இருவருக்கும் சரிபாதி.

வீட்டின் உறுதியை முதன்முதலாக ஆறுதலாக வாசித்தது குடிபூரலுக்குப் பின்னர்தான். பால் காய்ச்சி, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, பெட்டிகள் பிரிக்கப்படாத அறையொன்றில் அமர்ந்து வாசித்தேன். காணிக்கு ஒரு பெயர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பெயரில்லாத காணி கிடையாது. அதன் அளவு பரப்பிலும் குழியிலும் சொல்லப்பட்டிருந்தது. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். இது வரகு விதைப்புக் கணக்கு. நெல் வயலாயின் இருபத்துநான்கு பரப்பு ஓர் ஏக்கராகும். எத்தனை தலைமுறைக்கு முன் அந்த வளவில் கடைசியாக வரகு விதைத்தார்களோ தெரியாது. ஆயினும் நான்கு அறைகளும் ஒரு விறாந்தையும் கொண்ட வீடு, எவ்வளவு வரகு விதைக்கலாம் என்ற கணக்கிலேயே எமக்குக் கைமாறியிருந்தது.

அதற்குக் கீழே நாற்புறத்து எல்லைகள். கிழக்கில் இன்னாரின் காணி, தெற்கில் இன்னாரின் பெண்சாதிக்குரிய காணி, வடக்கில் ஒழுங்கை. எல்லையாகச் சொல்லப்பட்டிருந்தவை கல்லோ மதிலோ அல்ல, மனிதர்கள். அயலவரின் பெயரைச் சொல்லாமல் என் வீடு எங்கே இருக்கிறதென்று சொல்ல அந்த உறுதியால் முடியாது. கடைசி வரிகளை வாசித்தபோதுதான் திடுக்கிட்டேன். வீடு, பயன்தரு மரங்கள் என்பவற்றோடு, "கிணற்றில் அரைப் பங்கும்" என்றிருந்தது. நான் வாங்கியது அரைக் கிணறு! விற்றவர் கனடாவில் இருந்தார். அவருடைய அற்றோணித் தத்துவக்காரர் கிணற்றைக் காட்டினாரேயன்றிப் பங்கைக் காட்டவில்லை. வாங்குவதற்கு முன் உறுதியை முழுமையாக வாசியாதது என் குற்றம். ஊருக்கெல்லாம் செய்தி திருத்தியவன் தன் உறுதியைத் திருத்தமாக வாசிக்கவில்லை.

மறுநாட் காலை தெற்குக் காணியிலிருந்து ஆச்சி வந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும். கிணற்றுக்கட்டருகே வேலி ஏன் நின்றுபோயிருந்தது என்பது அப்போது விளங்கியது.

"தம்பி, கிணத்திலை எங்களுக்கும் பங்கிருக்கு. உறுதியிலை எழுதிக்கிடக்கோ?"

"கிடக்குதாச்சி. அரைவாசி."

"அப்ப சரி. நீங்கள் பூட்டுப் போட்டிடுவியளோ எண்டு பயந்து போனன்."

அறுபத்தைந்து வயதில் தம்பியென அழைக்கப்பட்ட மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, அவருடைய அச்சம் என்னைச் சிந்திக்க வைத்தது. ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணக்கல்லின் அடியில் தேங்கும் மழைநீரே வாழ்வு. கிணற்றைத் தனியொருவன் வெட்டுவது பெருஞ்செலவாகையால், கூடி வெட்டிப் பங்கு வைத்தனர். பின்னர் பங்குகள் பிள்ளைகளுக்குப் பிரிந்தன. அந்நியன் ஒருவன் பக்கத்துக் காணியை வாங்கி வரும்போது அயலார் இழக்கக்கூடியது மரியாதை மட்டுமல்ல, தண்ணீரும்தான்.

பழைய வழமை இந்த அச்சத்தை நன்கறிந்திருந்தது. 1707ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர், ஆளுநர் சைமன்ஸின் பணிப்பின்படி இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். அது தமிழாக்கப்பட்டுப் பன்னிரண்டு தமிழ் முதலியார்களிடம் காட்டப்பட்டது. சரியென அவர்கள் ஒப்புக்கொண்டனர். பின்னர் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுவளித்தனர். நாம் தேசவழமை என்று சொல்வது இதையே.

அதில் விற்பனை பற்றிய பகுதி என்னைப்போல் வீடு வாங்கியவன் கட்டாயம் வாசிக்கவேண்டியது. காணியை அந்நியனுக்கு விற்க எண்ணுபவன், தன் உரித்தாளருக்கும், பங்காளருக்கும், அயற்காணிக்காரருள் அக்காணியை ஈடாகப் பெற்றிருப்போருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும். அவர்கள் வாங்க விரும்பினால் அவர்களுக்கே முதலுரிமை. ஒரே ஊரிலிருப்பவருக்கு ஒரு மாதத் தவணை. அதே பகுதியின் வேற்றூரில் இருப்பவருக்கு மூன்று மாதம், வேறு பகுதியில் இருப்பவருக்கு ஆறு மாதம், பிறநாடு சென்றவருக்கு ஓராண்டு. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பிறநாடு சென்ற உறவினனை நினைத்துச் சட்டம் செய்த சமூகம் இது. ஒல்லாந்தர் காலத்தில் இவ்வறிவித்தல் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ச்சியாகக் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் வாசிக்கப்படும் முறையும் வந்தது. வீட்டில் திருநீறு பூசிக்கொண்டே, பக்கத்துக் காணி விலைபோகிறதா என்றறியத் தேவாலயத்துக்குக் காதுகொடுத்த எம் முன்னோரை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இதைப் படித்துவிட்டு, "ஆகா, எவ்வளவு அருமையான வழக்கம்" என்று எழுதி முடித்துவிடலாம். அப்படி எழுதிய கட்டுரைகள் பலவற்றை என் மேசையிலேயே அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். ஆயின் அதே விற்பனைப் பகுதியிலேயே, காணியோடும் தோட்டத்தோடும் சேர்த்து விற்கப்படும் பொருளாக அடிமைகளும் சொல்லப்பட்டிருக்கின்றனர். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி முற்றாக ஒழிந்தது 1844இல். அயலைக் காக்கும் உரிமை என்பது, யார் அயலாக வரக்கூடாது என்று தீர்மானிக்கும் உரிமையும்தான். சட்டத்தின் உதவி இல்லாமலும் அது நடந்தது. விலை பேசி முடிந்த பின்னரும், வாங்குபவரின் சாதி தெரியவந்ததும் உறுதி எழுதாமற் போன காணிகள் எம் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. மலாயாவில் உழைத்த காசுடன் வந்தோர் கல்வீடு கட்டியதைப் பெருமையாகப் பேசுகிறோம். காசு இருந்தும் ஒழுங்கைக்குள் நுழைய முடியாதிருந்தவரைப் பற்றிப் பேசுவதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, நூற்றாண்டுக் கணக்காக அவர்களின் எல்லைக்காரராக இருந்த நாம் என்ன செய்தோம் என்பதும் இந்த அயல் வரலாற்றில் ஒரு பக்கம். அவ்வீடுகளிற் பல பின்னர் விலைக்குக் கைமாறின.

சட்டம் நாளடைவில் ஒடுங்கியது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் இன்றிக் காணி கைமாறாது என்றாக்கியது. அயலறியச் செய்த காரியம் கந்தோருக்குள் போயிற்று. 1947இல் வந்த முன்கொள்வனவுக் கட்டளைச் சட்டம், முதலுரிமையைக் காணியின் பங்காளருக்கும், விற்பவர் மரணசாதனமின்றி இறந்தால் உரித்தாளராகக் கூடியவருக்கும் மட்டுமென வரையறுத்தது. அயற்காணிக்காரர் அன்றோடு சட்டத்திலிருந்து வெளியேறினார். எம் நொத்தாரிசு, விற்றவரின் உரித்தாளர்களிடம் எழுத்து வாங்கித் தந்தார். அவர்கள் அனைவரும் கடல் கடந்திருந்தனர். ஆச்சியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்கவேண்டியதுமில்லை.

ஆனால் என் வீட்டு விடயத்தில் நொத்தாரிசுக்குத் தெரியாததெல்லாம் ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, இவ்வீட்டுக்காரரும் நடந்தார். மறு ஆண்டு சனங்கள் திரும்பியபோது அவர் திரும்பவில்லை. கொழும்பு சென்று, அங்கிருந்து கனடா சென்றார். வெறுமையாகக் கிடந்த வீட்டில், 1990இல் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து அலைந்த குடும்பமொன்று வந்தமர்ந்தது. வீட்டுக்காரர் தொலைபேசியில் 'இருக்கட்டும், வீடு பழுதாகாமல் இருக்கும்' என்று சொன்னாராம். வாடகை இல்லை, எழுத்தும் இல்லை. அதற்குச் சாட்சி ஆச்சி ஒருவரே.

இந்தச் சாட்சி அற்பமானதன்று. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராகப் பத்தாண்டு தடையின்றி ஆண்டவர் அக்காணியைத் தமதெனக் கோரலாம். போர்க்காலத்தில் தம் வீட்டுக்குப் போக முடியாதவர்களுக்கு இச்சட்டம் எவ்வளவு கொடுமையானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டந்தான், 1983 மே மாதம் முதல் 2009 மே மாதம் வரையான காலத்தில் அவ்வாறு தடுக்கப்பட்டோருக்கு ஒரு பாதுகாப்பைத் தந்தது. நாம் வாங்கிய காலத்தில் அது இல்லை. அனுமதியோடு இருந்தவருக்கு ஆட்சியுரிமை பிறக்காது என்பது உண்மையே. ஆயினும் அனுமதி வாய்ச்சொல்லாக மட்டுமே இருந்தது. மயிலிட்டிக் குடும்பம் வழக்காட நினைத்திருந்தால் எம்மைப் பல ஆண்டுகள் நீதிமன்றத்துக்கு அலைக்கழித்திருக்கலாம். அவர்கள் அதை நினைக்கவேயில்லை. வீடு விலைபட்டது என்று அறிந்த மாதத்திலேயே, மருதனார்மடத்துக்கு அருகில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டனர். போகும்போது அறைகளைக் கழுவி, முற்றத்தைக் கூட்டி, கிணற்றுக் கயிற்றையும் புதிதாக மாற்றிவைத்தனர்.

இதை நான் ஆச்சி சொல்லித்தான் அறிந்தேன். நாள் பார்த்து, பால் காய்ச்சி, மங்கலமாக நாம் குடிபுகுந்ததற்கு ஒரு கிழமை முன்னர்தான், பதினைந்து ஆண்டுகள் அங்கு விளக்கேற்றிய ஒரு குடும்பம் வெளியேறியிருந்தது. அற்றோணித் தத்துவக்காரர் 'வெறும் வீடு' என்றே எமக்குச் சொன்னார். வெறும் வீட்டின் கிணற்றடியில் நான்கு தென்னைகள் காய்த்துக்கொண்டிருந்தன.

தேசவழமையில் இதற்கும் விதி உண்டு. பிறர் காணியில் உரிமையாளரின் அனுமதியுடன் ஒருவர் தம் சொந்தக் கன்றுகளை நாட்டினால், பலனில் மூன்றில் இரண்டு பங்கு நாட்டியவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்குரியவருக்கு. கன்று நிலக்காரருடையதாயின் பங்குகள் தலைகீழாகும். தண்ணீர் ஊற்றுவது யாரென்பதை அறிந்த விதி. இன்றைய நொத்தாரிசு இதைக் கேட்டுச் சிரிப்பார். என் உறுதியில் பயன்தரு மரங்கள் யாவும் எனக்கே எழுதப்பட்டிருக்கின்றன.

அந்தத் தென்னைகளை நாட்டியவரைத் தேடி மருதனார்மடத்துக்கு ஒரு மாலை சென்றேன். அவர் கடற்றொழிலாளி, கடலில்லாத ஊரில் இருபது ஆண்டுகளாகக் கூலி வேலை செய்துகொண்டிருந்தார். தேசவழமையின் விதியைச் சொன்னதும் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, "ஐயா, அது உங்கடை வளவு" என்றார். பின்னர், "தேங்காய் தாறதெண்டால் வேண்டாமெண்டு சொல்லமாட்டன்" என்றார். மூன்றில் இரண்டு என்று எண்ணிக் கொடுத்ததாக நான் இங்கே எழுதினால் அது பொய். பறிக்கும்போதெல்லாம் ஓர் உரப்பை நிறையக் கொடுத்தனுப்பினோம். சில தடவை மறந்தும்விட்டோம். ஆச்சி இருந்தவரை மறக்கவிடவில்லை.

2017 யூலை மாதம் மயிலிட்டித் துறைமுகமும் அதைச் சூழ்ந்த காணிகளும் விடுவிக்கப்பட்டபோது, அவரோடு நானும் போயிருந்தேன். இருபத்தேழு ஆண்டுகள். அவர் நினைவில் வைத்திருந்த ஒழுங்கைகள் அங்கே இல்லை. வீடு இருந்த இடத்தில் பற்றை, கிணறு தூர்ந்திருந்தது. இடம்பெயர்வுகளுக்கிடையே எப்படியோ காப்பாற்றிய உறுதியைப் பொலித்தீன் உறையிலிருந்து எடுத்து என்னிடம் தந்து, கண்ணாடி கொண்டுவராததால் எல்லைகளை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கிழக்கு, கடற்கரை வீதி. தெற்கு, அவருடைய தமையனாரின் காணி. தமையனார் 1990களில் இறந்துவிட்டார். மேற்கிலும் வடக்கிலும் இரண்டு பெயர்கள். மேற்குக்காரரின் குடும்பம் இராமேசுவரத்துக்குப் படகேறியது வரை அவருக்குத் தெரியும். வடக்குக்காரரின் மகன் நோர்வேயில் இருக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தனர். வேலி எவ்விடத்தில் ஓடியது என்று கேட்பதற்கு, அந்தப் பற்றைக்குள் நின்றவாறே நோர்வே இலக்கமொன்றைத் தேடி அவர் தொலைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.