செத்தல் மிளகாய்க் காலத்துப் படங்கள்

விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்துக் காடு வெட்டியவர்களிடம் எழுபதுகளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் வருவது செத்தல் மிளகாய்க் கதையாகத்தான் இருக்கும். சிறிமாவோ அரசு மிளகாயையும் வெங்காயத்தையும் வெளியிலிருந்து இறக்குவதைத் தடுத்தபோது வன்னி மண்ணில் விளைந்ததற்கு விலை ஏறியது. வாட்டர்பம் பூட்டித் தண்ணீர் இறைத்த பெடியள் கையில் காசு புழங்கியது. சாக்கில் அடைந்த மிளகாய் லொறியேறிக் கொழும்புக்குப் போக, அந்தக் காசில் உழவு இயந்திரம் வாங்கியவர்களும் உண்டு.

சினிமாவைப் பற்றிய இந்த வாரத்தை மிளகாயில் தொடங்கக் காரணம் இருக்கிறது. மிளகாய்க்கு வேலி போட்ட அதே பொருளாதாரம்தான் இலங்கைத் தமிழ்ப் படத்துக்கும் கொஞ்சக் காலம் நிழல் கொடுத்தது.

1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் உருவாகிப் படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்குப் போயின. இந்தியப் படங்களுக்குப் போகும் அந்நியச் செலாவணியைச் சுருக்க வேண்டும், உள்ளூர்ப் படத்துக்குத் தியேட்டரில் இடம் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். புதுமையான யோசனை இல்லை. ஹொலிவூட் படங்களுக்கு முன்னால் நிற்க முடியாமல் திணறிய பிரித்தானியா 1927இலேயே சட்டம் போட்டு, தியேட்டர்கள் தன் நாட்டுப் படங்களையும் குறிப்பிட்ட பங்குக்குக் காட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. சினிமா வளர்ந்த நாட்டுக்கே வேலி தேவைப்பட்டது என்றால், 1962இல் ‘சமுதாயம்’ படத்தோடு தவழத் தொடங்கிய நம் சினிமாவுக்கு அது எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

நட்ட பயிர் 1978இல்தான் காய்த்தது. ‘வாடைக்காற்று’, ‘தென்றலும் புயலும்’, ‘தெய்வம் தந்த வீடு’, ‘ஏமாளிகள்’, ‘அனுராகம்’, ‘நான் உங்கள் தோழன்’ என ஒரே ஆண்டில் ஆறு படங்கள் திரைக்கு வந்தன. இவற்றில் ‘தெய்வம் தந்த வீடு’ இலங்கையின் முதல் சினிமாஸ்கோப் தமிழ்ப் படம். ‘நான் உங்கள் தோழன்’ மலையகத் தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்தது. அதே ஆண்டு தீபாவளிக்குத்தான் சிவாஜி கணேசனும் மாலினி பொன்சேகாவும் இணைந்த இந்திய - இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான ‘பைலட் பிரேம்நாத்’ வந்தது. சிவாஜி படம் ஓடும் ஊரில் நம்மவர் படத்துக்கும் சனம் சேர வேண்டும் என்பது எவ்வளவு கடினமான போட்டி என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆறிலும் என் மனம் நிற்பது ‘வாடைக்காற்று’ பக்கம். செங்கை ஆழியானின் நாவல், பிரேம்நாத் மொறாயஸின் இயக்கம், பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் நடிப்பு. வாடை பெயரும் பருவத்தில் வேற்றூர் மீனவர்கள் நெடுந்தீவுக் கரையில் வந்து வாடி போடுகிறார்கள். உள்ளூராருக்கும் வந்தவர்களுக்கும் இடையில் கடலுக்காகப் பகை மூள்கிறது, காதலும் முளைக்கிறது. முல்லைத்தீவுக்காரருக்கு இது அந்நியக் கதையே அல்ல. சோளகம் வீசத் தொடங்கியதும் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து கொக்கிளாய்க்கும் நாயாற்றுக்கும் வந்து வாடி போட்டு, காற்று மாறியதும் திரும்பிப் போன சம்மாட்டிமாரை இந்தக் கரை தலைமுறை தலைமுறையாகப் பார்த்திருக்கிறது. வந்து போகிறவனுக்கும் இருக்கிறவனுக்கும் நடுவே கடல் யாருடையது என்ற கேள்வி பின்னாளில் எந்த அளவுக்கு வளர்ந்தது என்பதையும் இந்தக் கரை அறியும். அந்தக் கேள்வியைத் தீவின் பேச்சுத் தமிழிலேயே கேட்ட படம் அது. நம் கதையை நம் வாயால் சொல்லலாம் என்று காட்டியதுதான் அந்த ஆண்டின் பெரிய சாதனை என்பேன்.

ஆனால் ஆறு படங்களிலும் வன்னியின் காடும் குளமும் கதைக்களமாகவில்லை. கதைக்கு ஒரு குறைவும் இருக்கவில்லை. தண்ணிமுறிப்புக் குளத்தையும் அதைச் சூழ்ந்த காட்டையும் கதிராமன், பதஞ்சலி என்ற இரண்டு உயிர்களையும் வைத்து அ. பாலமனோகரன் ‘நிலக்கிளி’யை எழுதி அதற்குள் ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. வன்னிக் கமக்காரனை உறிஞ்சும் பெரிய மனிதர்களையும் அதிகாரிகளையும் பற்றிச் செங்கை ஆழியானே எழுதிய ‘காட்டாறு’ம் அச்சாகிவிட்டது. முல்லைத்தீவு தனி மாவட்டமானதும் அதே 1978இல்தான். நாவலும் இருந்தது, நிலமும் இருந்தது, உள்ளூர்ப் படம் எடுக்கும் துணிச்சலும் ஊரில் இருந்தது. மூன்றும் ஓரிடத்தில் கூடவில்லை. ஒரு ‘நிலக்கிளி’ படமாகியிருந்தால்! இந்த ஏக்கம் எனக்கு ஆறவேயில்லை.

ஏனென்றால் காலம் காத்திருக்கவில்லை. 1977இல் வந்த ஜே. ஆர். அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. இறக்குமதி மிளகாய் சந்தைக்கு வந்து விசுவமடுவின் விலையை விழுத்தியது. அதே திறந்த கதவால் தொலைக்காட்சிப் பெட்டியும் வீடியோ டெக்கும் வந்தன. 1979 ஏப்ரலில் சுயாதீனத் தொலைக்காட்சி, 1982இல் ரூபவாஹினி. டெக்கை வாடகைக்கு எடுத்து விடிய விடிய நாலு இந்தியப் படம் பார்க்கிற வழக்கம் ஊர்களில் பரவியது. 1978இன் எண்ணிக்கையை அடுத்து வந்த ஆண்டுகளில் உள்ளூர்த் தமிழ்ப் படம் எட்டவில்லை.

1983 ஜூலையில் ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது பல படங்களின் மூலச் சுருள்களும் சேர்ந்து எரிந்தன. எடுத்ததும் கைக்கு மிஞ்சவில்லை. 1984 டிசம்பரில் தண்ணிமுறிப்பு மக்கள் தங்கள் ஊரிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் குளக்கட்டும் வயலும் வீடுகளும் எப்படி இருந்தன என்று இன்றைய பிள்ளை ஒன்று கேட்டால், காட்டுவதற்குக் கையில் இருப்பது பாலமனோகரனின் நாவல்.

வன்னியிலேயே கமெரா தூக்கும் காலம் வந்தது அதற்கும் வெகு பின்னால். ‘முள்ளும் மலரும்’ மகேந்திரன் வன்னிக்கு வந்து இளைஞர்களுக்குச் சினிமா கற்பித்ததும், அவர் மகன் ஜான் இங்கே எடுத்த ‘ஆணிவேர்’ 2006இல் வெளியானதும் அடுத்த வாரம்.