மேகம் மறைத்த ஏரி

மலாக்கா நீரிணைப் பக்கம் கருமேகம் திரண்டால், சுங்கை ரம்பாயில் மாணவர்களைத் திடலிலிருந்து வகுப்பறைக்கு அழைத்துவிடுவேன். "இன்னும் ஐந்து நிமிடம், டீச்சர்!" என்று கெஞ்சுவார்கள். அப்போது அமெரிக்காவின் ஈரி ஏரி நினைவுக்கு வரும்.

1967 ஆகஸ்ட் 27. ஒகாயோ மாநில விமானத் திடல் ஒன்றில் இறங்க எண்ணி, 18 வான்குடை வீரர்கள் பழைய பி-25 விமானத்திலிருந்து குதித்தனர். மேகத்தால் தரை தெரியவில்லை. கட்டுப்பாட்டு அதிகாரியோ ரேடாரில் வேறொரு விமானத்தை அவர்களுடையதென எண்ணி இடம் கூறியிருந்தார். மேகத்தைக் கடந்தபோது கீழே ஏரி! 16 பேர் மூழ்கி மாண்டனர், இருவரே மீட்கப்பட்டனர்.

மேகத்தினூடே குதிக்கலாகாது என்னும் விதி அன்றே இருந்தது. பிறர் தவறும் நாளில்தான் விதி நம்மைக் காக்கிறது. பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரையுங்கள்.